கம்ப்யூட்டர் தெரியாதது யாருக்கு?

தமிழ்நாட்டில் பிஎச்டி பண்ணுகிற யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். இந்த வசனத்தை ஒருமுறையாவது கேட்காதவர் இருக்க மாட்டார். "உங்களுக்கு கம்ப்யூட்டர் சரியா வரலம்மா, யார்கிட்டயாவது குடுத்து பண்ணிக்கோங்க." கைடு சொல்வார். ஆபீஸ் கிளார்க் சொல்வார். டிடிபி கடை அண்ணன் காசை எண்ணி வாங்கிக்கொண்டே சொல்வார். மூன்றாவது வருஷம் முடிவதற்குள் அந்த ஆய்வு மாணவரே தன்னைப் பற்றி அப்படிச் சொல்ல ஆரம்பித்திருப்பார்.

சுத்தப் பொய். ஆய்வு மாணவர் கணினியோடு மல்லுக்கட்டி இழக்கிற நாட்களில் பெரும்பகுதி அவருடைய மண்டைக் கோளாறால் போவதில்லை. அவருக்கு மேலே உட்கார்ந்திருப்பவர்கள் எடுத்திருக்க வேண்டிய முடிவுகளை எடுக்காததால் போகிறது. அந்த முடிவுகள் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எந்த எழுத்துருவில் ஆய்வேட்டைத் தரவேண்டும், எந்த மென்பொருளில் கணக்குப் போடவேண்டும், அதை யார் சொல்லித் தருவார்கள், அவ்வளவுதான்.

முதலில் சிறுசேரி. பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர் தாண்டி வலதுபக்கம் திரும்பினால் சிப்காட் ஐடி பூங்கா. டிசிஎஸ், காக்னிசன்ட் என்று பெரிய பெரிய வளாகங்கள். வெளிநாட்டு வங்கிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இங்கே உட்கார்ந்துதான் பொட்டி தட்டுகிறார்கள். மாதவரத்திலிருந்து இந்த சிப்காட் வரைக்கும் மெட்ரோ ரயிலுக்கே பாதை போடுகிறார்கள். அதே பூங்காவுக்குள் சென்னை கணிதவியல் கழகமும் இருக்கிறது. 1989-ல் ஸ்பிக் நிறுவனத்தின் ஆதரவில் நகரத்துக்குள் தொடங்கி, 2005-ல் சிறுசேரிக்குக் குடிவந்த ஆராய்ச்சி நிறுவனம்.

இந்த இடத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகப் போனால் தாம்பரம். அங்கே ஒரு வணிகவியல் ஆய்வு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது அத்தியாயத்தில் 27 அட்டவணைகள். வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் கைடு கூப்பிட்டு, "4.3-க்கு அப்புறம் ஒரு டேபிள் சேர்த்துடும்மா" என்கிறார். இப்போது 4.4 முதல் 4.27 வரை 24 எண்களை மாற்றவேண்டும். அட்டவணைத் தலைப்பில் ஒருமுறை, உள்ளே "மேற்கண்ட அட்டவணை 4.9-ன்படி" என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை, முகப்பில் அட்டவணைப் பட்டியலில் ஒருமுறை. ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது என்று படுத்தால், 4.17 இரண்டு இடத்தில் இருக்கும், 4.18 எங்கேயுமே இருக்காது.

சிறுசேரியில் கணிதம் படிக்கிறவருக்கு இந்த வேதனை என்னவென்றே தெரியாது. உலகம் முழுக்கக் கணிதம் படிக்கிறவர்கள் புழங்கும் லாடெக்கில் எண்ணை யாரும் கையால் அடிப்பதில்லை. நடுவில் ஒன்றைச் செருகினால் மீதி எல்லாம் தானாக நகர்ந்து உட்காரும். இதில் வேடிக்கை என்னவென்றால், தாம்பரத்து மாணவியின் மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் அதே வசதி வருஷக்கணக்காக இருக்கிறது. தலைப்புக்கு ஸ்டைல் கொடுத்து, அட்டவணைக்கு கேப்ஷன் செருகி, கிராஸ் ரெஃபரன்ஸ் போட்டால் போதும். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மாணவருக்கு அவருடைய துறையே பழக்கிவிடுகிறது. இன்னொருவரை "உனக்கு கம்ப்யூட்டர் வரல" என்று திட்டுகிறார்கள். வித்தியாசம் மூளையில் இல்லை மக்களே, சூழலில் இருக்கிறது.

"அதான் கோர்ஸ்வொர்க் இருக்கே?" என்று ஒருவர் கேட்பார். இருக்கிறது. யுஜிசி 2009-ல் கொண்டுவந்த விதிமுறையிலேயே பிஎச்டி மாணவர் ஒரு செமஸ்டராவது பாடம் படிக்கவேண்டும், அதில் ஆராய்ச்சி முறையியலோடு கணினிப் பயன்பாடும் சேரலாம் என்று போட்டுவிட்டார்கள். பல கல்லூரிகளில் அந்தத் தாளில் என்ன நடக்கிறது? கணினியின் தலைமுறைகள் ஐந்து, அவை யாவை. உள்ளீட்டுக் கருவிகளை விவரி. எட்டாம் வகுப்புப் பாடத்தை முப்பது வயசுக்காரருக்கு எடுத்துவிட்டு, கணினி சொல்லிக்கொடுத்தாச்சு என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

கோபப்படுவது தப்பு என்று நினைப்பவர்களுக்காக இரண்டு பழைய கதைகள்.

1977-ல் அமெரிக்காவில் டொனால்ட் குனூத் என்ற பேராசிரியருக்கு அவருடைய புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கான அச்சுப்படிகள் வந்தன. புதிய எந்திரத்தில் கோத்த எழுத்து. பார்க்கவே சகிக்கவில்லை. "எனக்கு அச்சுத் தொழில் தெரியாது" என்று அவர் மூலையில் உட்காரவில்லை. அடுத்த வருஷ விடுப்பில் முடித்துவிடலாம் என்று நினைத்து, தானே ஒரு எழுத்துக்கோப்பு மென்பொருளை எழுத ஆரம்பித்தார். ஒரு வருஷ வேலை பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. அதுதான் டெக். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியதுதான் லாடெக். குனூத் அதை யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார். அதில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு அவரே காசோலை எழுதி அனுப்பினார்.

இன்னொரு கதை எம்ஐடியில். 1980 வாக்கில் அங்கிருந்த ஆய்வகத்துக்கு ஒரு லேசர் பிரிண்டர் வந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் மென்பொருளைத் திருத்தி, சிக்கினால் எல்லோருடைய திரையிலும் தகவல் வருகிற மாதிரி செய்ய நினைத்தார். மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் 1983-ல் க்னூ திட்டமாக முளைத்தது. இன்று உலகத்தின் பாதி சர்வர்கள் ஓடுகிற லினக்ஸ் உலகத்துக்கு அதுவும் ஒரு அஸ்திவாரம்.

பேப்பர் சிக்கியதும் எழுத்து அசிங்கமாக வந்ததும் நம்ம ஊர் பிரவுசிங் சென்டரில் தினம் நடக்கிற விஷயம். அங்கே ஒரு ஆராய்ச்சியாளருக்குக் கோபம் வந்தபோது அது கருவியின் மேல் திரும்பியது. இங்கே அந்தக் கோபத்தை மாணவரின் மேலேயே திருப்பிவிடுகிறார்கள்.

சரி, தமிழுக்கு வரலாம். மண்டை காய்கிற ஏரியா இதுதான்.

தமிழில் ஆய்வேடு எழுதுகிறவரின் நிலைமையை மற்ற துறைக்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்தால் கணினிக்குள் தமிழ் இருக்காது. ஜே, கே, பி, ஓ, அதற்குப் பிறகு ஒரு அரைப்புள்ளி, இதுதான் இருக்கும். ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் வேஷம் கட்டி விட்டிருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். வானவில்லில் அடித்தது பாமினிக்குப் புரியாது, பாமினியில் அடித்தது ஸ்ரீலிபிக்குப் புரியாது. ஒரே மொழி, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாத பத்து வீடுகள்.

இதற்கு மருந்து கண்டுபிடிக்காமல் இல்லை. 1991-ல் வெளிவந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் அரசு தரப்படுத்தியது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யுனிகோடையும் டேஸ்16 குறியீட்டையும் தமிழ்நாட்டின் தரமாக அரசே ஆணை போட்டு அறிவித்தது. அரசாணை வந்து பதினைந்து வருஷம் தாண்டிவிட்டது. இன்னமும் டிடிபி கடையில் பேஜ்மேக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு தமிழ் ஆய்வேடு அடித்துக் கொடுக்கிறார்கள். அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதற்கு யுனிகோடு என்றால் ஙே என்று முழிக்கும்.

கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் பிழைப்பு. பல்கலைக்கழகம் "பைண்டு பண்ணி இத்தனை பிரதி, கூட ஒரு சிடி" என்று கேட்டது, கொடுத்தார். சிடிக்குள் என்ன குறியீட்டில் எழுத்து இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளக்கிற பிரிவு அலுவலர், உள்ளே இருக்கிற எழுத்தைத் தேட முடிகிறதா என்று ஒருமுறையாவது சோதித்துப் பார்த்தாரா?

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்டால், நஷ்டம் அந்த மாணவரோடு நிற்கவில்லை. ஆய்வேடுகளை மின்வடிவில் தரவேண்டும் என்று யுஜிசி 2009-லேயே விதித்தது. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் நடத்துகிற சோத்கங்கா களஞ்சியத்தில் இன்று லட்சக்கணக்கான ஆய்வேடுகள் கிடக்கின்றன. அதில் ஒரு பழைய தமிழ் ஆய்வேட்டைத் திறந்து உள்ளே ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். பலதும் ஸ்கேன் செய்த படம். படத்தில் என்னத்தைத் தேடுவது? மீதியில் சிலவற்றைத் திறந்து ஒரு பத்தியைக் காப்பி செய்து ஒட்டினால், "கொடை" என்பதில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிய்ந்து விழும். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை முதலில் வைத்து, பிறகு எழுத்தை வைத்து, பிறகு காலை வைக்கும். யுனிகோடு எழுத்தை முதலில் வைத்து, உயிர்க்குறியை அதன் பின்னால் வைக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தமிழ் நொண்டுகிறது.

ஐந்து வருஷம் ஊர் ஊராக அலைந்து ஒருவர் சேகரித்த நாட்டுப்புறப் பாட்டும் கல்வெட்டுச் சொல்லும் இப்படித்தான் புதைகிறது. அடுத்த ஆய்வாளர் அதைத் தேடினால் கிடைக்காது. கிடைக்காததால் அதே ஊருக்கு மறுபடி போவார், அதையே மறுபடி எழுதுவார். பிறகு, "தமிழ்ல ஒரே தலைப்பையே திருப்பித் திருப்பி பண்றாங்கப்பா" என்று மேடையில் ஜல்லியடிப்பார்கள். 2018-ல் யுஜிசி கருத்துத் திருட்டுக்கு விதிமுறை கொண்டுவந்தது. 10 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் நடவடிக்கை என்று படிநிலை வகுத்தது. நல்லது. ஒப்பிட்டுப் பார்க்கிற மென்பொருளுக்கு ஜே, கே, பி, ஓ என்று இருக்கிற ஆய்வேட்டில் எந்தத் திருட்டு தெரியும்? நேர்மையாக உழைத்தவரின் உழைப்பு தெரியாது, திருடியவரின் திருட்டும் தெரியாது.

இத்தனைக்கும் இந்த வேலையைச் சம்பளம் வாங்காதவர்கள் செய்து முடித்திருக்கிறார்கள். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில், உலகத்தின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து கொடுத்த இலக்கியங்களை இலவசமாக வைத்தது. பிறகு பழைய குறியீட்டிலிருந்து யுனிகோடுக்கும் மாறியது. இலங்கைத் தமிழர்கள் 2005-ல் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். முகுந்தின் இ-கலப்பை, சுரதாவின் பொங்குதமிழ் எழுத்துமாற்றி, என்எச்எம் ரைட்டர் என்று வரிசையாக இலவசமாகக் கிடைத்தன. இணையத்தில் கதை, கவிதை, சண்டை எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே யுனிகோடுக்கு மாறிவிட்டார்கள். மொக்கை போடுகிறவருக்கு முடிந்தது, முனைவர் பட்டம் கொடுக்கிறவருக்கு முடியவில்லை :-)

அடுத்தது புள்ளியியல். வணிகவியல், மேலாண்மை, சமூக அறிவியல் துறைகளில் பிஎச்டி என்றால் என்ன? கேள்வித்தாள், ஐந்து புள்ளி அளவுகோல், அப்புறம் எஸ்பிஎஸ்எஸ். 1968-ல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்து 2009-ல் ஐபிஎம் வாங்கிக்கொண்ட இந்த மென்பொருளை நம்ம ஊர் ஆய்வு மாணவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்? உதவித்தொகையே இல்லாமல் பகுதிநேரமாகப் படிக்கிறவர் வெளிநாட்டு உரிமக் கட்டணத்தை எங்கிருந்து கட்டுவார்? பென் டிரைவில் "கிராக்" வரும். கூடவே வைரஸ் வரும். நேற்று வரைக்கும் திறந்த தரவுக் கோப்பு இன்று திறக்காது. அதுவும் இல்லாவிட்டால் "டேட்டா அனாலிசிஸ் செய்து தரப்படும்" என்று நோட்டீஸ் ஒட்டிய கடை. கடைக்காரர் அட்டவணையும் தருவார், அதற்குக் கீழே நான்கு வரி விளக்கமும் தருவார். ஆய்வு யாருடையது என்று கேட்கக் கூடாது.

கிராக் போட்ட மாணவரைத் திருடர் என்று திட்டுவது சுலபம். பாடத்திட்டத்தில் எஸ்பிஎஸ்எஸ் என்று எழுதிவிட்டு உரிமம் வாங்கிக் கொடுக்காத துறையை என்னவென்று திட்டுவது? 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் உருவாக்கிய ஆர் மென்பொருள் இலவசம். எஸ்பிஎஸ்எஸ் மாதிரியே இருக்கிற பிஎஸ்பிபி இலவசம். மெனுவைத் தட்டியே வேலை முடிக்கிற ஜாஸ்ப், ஜமோவி இலவசம். மேற்கோள் பட்டியலைத் தானாக அடுக்கித் தருகிற ஜோடெரோ 2006-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. இதெல்லாம் இருந்தும் ஒருவர் இருநூறு மேற்கோளை அகர வரிசையில் கையால் அடுக்குகிறார் என்றால், அந்த மணிநேரங்களுக்கு யார் பொறுப்பு?

எக்ஸெல் விஷயத்தில் பெரிய பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள் என்பதை வணிகவியல் படிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2010-ல் பொருளாதார நிபுணர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும், சராசரி மைனஸ் 0.1 சதவீதம் என்றார்கள். அரசுச் செலவை வெட்டவேண்டும் என்று வாதிட்டவர்கள் பல நாடுகளில் இதைத்தான் காட்டினார்கள். தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் படித்தவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை வரவே இல்லை. பேராசிரியர்களிடமே எக்ஸெல் கோப்பை எழுதிக் கேட்டார், அனுப்பினார்கள். பார்த்தால், சராசரி எடுக்கிற சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். அதோடு சில ஆண்டுகளின் தரவை விட்டது, சராசரிக்கு எடை கொடுத்த முறை ஆகியவற்றையும் கேள்வி கேட்டு, 2013-ல் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து அவர் போட்ட கணக்கில் வளர்ச்சி 2.2 சதவீதம் என்று வந்தது.

ஹெர்ன்டனுக்கும் முதலில் "நமக்குத்தான் எக்ஸெல் வரல போல" என்று தோன்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் கோப்பைக் கேட்டார். அவர்கள் கொடுத்தார்கள். இரண்டும் முக்கியம். இங்கே ஒரு மாணவர் தன் கைடின் கைடிடம் போய், "சார், உங்க தீசிஸோட டேட்டா ஃபைல் வேணும்" என்று கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கேட்க விட்டாலும், அந்த ஃபைல் எந்தக் கடையின் எந்தக் கணினியில் செத்துப்போயிருக்கிறதோ.

மென்பொருள் மனிதனுக்கு வளைந்து கொடுக்குமா, மனிதன் மென்பொருளுக்கா என்பதற்கு இன்னொரு உதாரணம். மார்ச்1, செப்ட்1 என்றெல்லாம் மனித மரபணுக்களுக்குப் பெயர்கள் இருந்தன. எக்ஸெல் அவற்றைப் பார்த்ததும் மார்ச் 1-ம் தேதி, செப்டம்பர் 1-ம் தேதி என்று தானாக மாற்றிவிடும். எக்ஸெலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஒரு ஆய்வு சொன்னது. கடைசியில் 2020-ல் மரபணுப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றியது. அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கிற வசதி எக்ஸெலில் வந்தது 2023-ல்தான். உலகத்தின் விஞ்ஞானிகளே மண்டியிட்டார்கள் என்றால், தாம்பரத்து மாணவி மட்டும் ஏன் குற்ற உணர்ச்சியில் புழுங்கவேண்டும்?

வழக்கமான சப்பைக்கட்டுகளையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

"இலவச மென்பொருள் எல்லாம் கஷ்டம், நம்ம பசங்களுக்கு வராது." பக்கத்து மாநிலம் கேரளா 2000களிலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லினக்ஸில் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வருகிறது, பிஎச்டிக்காரருக்கு வராதா? இங்கேயும் நடக்காமல் இல்லை. 2007 வாக்கில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அரசு நிறுவனமான எல்காட் சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீசுக்கும் மாறிக் காட்டியது. தொடர்ந்து பிடித்துக்கொள்ள ஆளில்லை.

"சொல்லித் தர ஆள் இல்லை." ஐஐடி பம்பாய் உருவாக்கிய ஸ்போக்கன் டுடோரியலில் லாடெக், லிப்ரே ஆபீஸ் எல்லாம் தமிழிலேயே பேசிச் சொல்லித் தருகிற பாடங்கள் கிடக்கின்றன, காசில்லாமல். ஒரு புரொஜெக்டரும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

"இனிமே ஏஐ வந்துடுச்சு, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்." ஏஐ இல்லாத கட்டுரைக்கு அழகாக மேற்கோள் எழுதித் தருகிறது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அதை விடுங்கள். ஏஐ எதைப் படித்து வளர்கிறது? எழுத்தைப் படித்து. தமிழ் ஆய்வேடெல்லாம் படமாகவும் ஜே, கே, பி, ஓ-வாகவும் கிடந்தால் அது தமிழ் ஆராய்ச்சியில் எதைக் கற்றுக்கொள்ளும்? இந்த மருந்து வேலை செய்யவும் முதலில் யுனிகோடு வேண்டும்.

"அரசுக்குக் காசில்லை." 2011-லிருந்து வருஷக்கணக்கில் லட்சக்கணக்கான மடிக்கணினிகளை மாணவர்களுக்குக் கொடுத்த மாநிலம் இது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தது. பொட்டிக்குக் காசு இருக்கிறது. பொட்டியை என்ன செய்வது என்று சொல்லித் தருவதற்கு ஆகும் செலவு அதில் தூசு.

ஆகவே, கேட்கவேண்டியது இவ்வளவுதான்.

1. தமிழ் ஆய்வேடு யுனிகோடில் இல்லாவிட்டால் வாங்கமாட்டோம் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு சுற்றறிக்கை விடட்டும். 2010 அரசாணையை அமல்படுத்தினால் போதும், புதிதாக எதுவும் வேண்டாம்.

2. ஆய்வேட்டு விதிமுறையை "டைம்ஸ் நியூ ரோமன் 12, ஒன்றரை வரி இடைவெளி" என்று நான்கு பக்கத்தில் விவரிப்பதற்குப் பதில், எல்லாம் ஏற்கெனவே அமைத்த ஒரு மாதிரிக் கோப்பை இணையதளத்தில் போடட்டும். வேர்டுக்கு ஒன்று, லிப்ரே ஆபீசுக்கு ஒன்று, லாடெக்குக்கு ஒன்று. ஒரு நபர் ஒரு வாரம் உட்கார்ந்தால் ஆயிரம் பேருக்கு ஆளுக்கு ஒரு மாதம் மிச்சம்.

3. பாடத்திட்டத்தில் ஒரு மென்பொருளின் பெயரைப் போட்டால் உரிமம் வாங்கிக் கொடுக்கட்டும். முடியாவிட்டால் இலவச மென்பொருளின் பெயரைப் போடட்டும்.

4. கோர்ஸ்வொர்க் கணினித் தாளில் தேர்வு எழுத்தில் வேண்டாம். இருபது பக்கக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, எண்ணும் பொருளடக்கமும் மேற்கோளும் தானாக வருகிற மாதிரி செய்து தரச் சொல்லட்டும். செய்தால் பாஸ்.

5. ஆய்வேட்டோடு தரவுக் கோப்பையும் வாங்கி வைக்கட்டும். அடுத்த ஹெர்ன்டன் கேட்டால் எடுத்துக் கொடுக்க ஒரு ஃபைல் இருக்கவேண்டும்.

இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட புதுக் கட்டடம் தேவையில்லை, டெண்டர் தேவையில்லை, சட்டசபை கூடத் தேவையில்லை. துறைத்தலைவரும் பதிவாளரும் ஒரு மதியம் உட்கார்ந்து பேசினால் பாதி வேலை முடிந்தது. பேச மாட்டார்கள், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. மாணவர்கள் கேட்பதில்லை, ஏனென்றால் தப்பு தங்களுடையது என்று நம்பவைக்கப்பட்டிருக்கிறார்கள். தலைவலியை ஆளாளுக்கு ஹாஸ்டல் அறையில் வைத்துக்கொண்டால் அது தைலம் தடவுகிற தலைவலிதான். பத்துப் பேர் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது கோரிக்கை. அடுத்த துறைக் கூட்டத்துக்கு முன்னால் அந்தத் தாள் மேஜையில் இருக்கட்டும்.

டிஸ்கி: அந்தக் கோரிக்கைத் தாளையாவது தயவுசெய்து யுனிகோடில் அடியுங்கள்.